தோற்கும் அணிக்குப் பின்னால் நானூறு மைல்

இங்கிலாந்தின் வடமேற்கு ஓரத்தில், ஸ்காட்லாந்து எல்லையிலிருந்து ஏறத்தாழ 10 மைல் தெற்கே, கார்லைல் என்ற நகரம் இருக்கிறது. நாட்டின் மறு கோடியில், தென்மேற்கே கடலுக்குள் நீண்டு கிடக்கும் கார்ன்வாலில், ட்ரூரோ இருக்கிறது. இரண்டுக்கும் இடையே சாலைவழி 400 மைலுக்கு மேல். கிலோமீட்டரில் சொன்னால் 700-ஐ ஒட்டி வரும். 2025-26 சீசனில் இந்த இரண்டு ஊர்களின் கால்பந்து அணிகளும் ஒரே லீக்கில் வந்து சேர்ந்தன. ட்ரூரோ சிட்டி கீழே இருந்து ஏறி வந்தது. கார்லைல் யுனைடெட் மேலே இருந்து, அதுவும் அடுத்தடுத்த இரண்டு சீசன்களில் இரண்டு படி சறுக்கி, வந்து விழுந்தது. அந்த லீக்கின் பெயர் நேஷனல் லீக். பிரீமியர் லீக்கை முதல் அடுக்காக எண்ணினால் இது ஐந்தாவது. 1904-இல் தொடங்கப்பட்ட கார்லைல் கிளப்புக்கு அதன் வரலாற்றிலேயே மிக நீளமான லீக் பயணம் இப்படி விழுந்த பிறகுதான் வாய்த்தது.

சனிக்கிழமை பிற்பகல் 3 மணி ஆட்டம் ஒன்றுக்குக் கார்லைலிலிருந்து ட்ரூரோ போக நினைக்கும் ரசிகரின் கணக்கைப் பார்க்கலாம். பிரிட்டனில் தொலைதூரப் பேருந்துகள் மணிக்கு 62 மைலுக்கு மேல் ஓடாதபடி வேகக்கட்டுப்பாட்டுக் கருவி பொருத்தியிருப்பார்கள். நாலரை மணி நேரம் ஓட்டிய ஓட்டுநர் முக்கால் மணி நேரம் கட்டாயம் ஓய்வெடுக்க வேண்டும்; ஒரு நாளில் பொதுவாக 9 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. போக எட்டு மணி நேரம், வர எட்டு மணி நேரம் என்றால் ஒரே ஓட்டுநரால் ஆகாது. இரண்டாவது ஓட்டுநருக்கும் சேர்த்துத்தான் பேருந்து பேச வேண்டும். அந்தச் செலவும் இருக்கைக்கு இவ்வளவு என்று பயணிகளின் தலையில்தான் விழும். விடியற்காலை 4 மணிக்குக் கிளம்பினால் ஆட்டம் தொடங்குவதற்குச் சற்று முன்பு போய்ச் சேரலாம். மாலை 5 மணிக்குத் திரும்பி ஏறினால் ஞாயிறு அதிகாலை இரண்டு, மூன்று மணிக்கு வீடு. ரயிலில் போகலாம் என்றால் அன்றே திரும்ப வழியில்லை. கார்ன்வாலிலிருந்து லண்டனுக்கு ஓடும் ஒரே இரவு ரயிலும் சனிக்கிழமை இரவு ஓடுவதில்லை.

ஒன்றரை மணி நேர ஆட்டத்துக்கு ஏறக்குறைய ஒரு முழு நாளைக் கொடுப்பது அவரவர் விருப்பம், அதில் விளக்குவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்கலாம். விருப்பம் தனிப்பட்டதுதான். ஆனால் அந்த 400 மைல், பூகோளம் மட்டும் கொடுத்ததன்று. கிளப் நிர்வாகிகள் வெவ்வேறு காலங்களில் கூடி எடுத்த முடிவுகள் அதற்குப் பின்னால் இருக்கின்றன. அந்த முடிவுகளைப் பார்த்தால்தான், கீழ்மட்ட அணியோடு ஊர் ஊராகப் போகும் ரசிகர் உண்மையில் எதைக் கொடுக்கிறார், யாருக்குக் கொடுக்கிறார் என்பது பிடிபடும்.

1921 முதல் 1958 வரை இங்கிலாந்து லீக்கின் (நேஷனல் லீக்குக்கு மேலே உள்ள அடுக்குகள்; வெறுமனே லீக் என்றால் இதுதான்) மூன்றாம் டிவிஷன் வடக்கு, தெற்கு என்று இரண்டாகப் பிரிந்து கிடந்தது. மேல் இரண்டு டிவிஷன்கள் நாடு முழுவதற்கும் பொது. அதற்குக் கீழே, ரயில் கட்டணத்துக்கே திணறும் சிறிய கிளப்புகள் தத்தம் வட்டாரத்துக்குள் ஆடிக்கொண்டன. 1928-இல் லீக்கில் இடம் பெற்ற கார்லைல், வடக்குப் பிரிவில்தான் முப்பது ஆண்டுகள் இருந்தது. 1958-இல் இந்த ஏற்பாடு கலைக்கப்பட்டது. வடக்கிலும் தெற்கிலும் மேல்பாதியில் முடித்த 12 கிளப்புகள் வீதம் சேர்ந்து புதிய மூன்றாம் டிவிஷன் ஆயின. கீழ்ப்பாதியில் முடித்தவை சேர்ந்து நான்காம் டிவிஷன் ஆயின. கார்லைல் நான்காவதில் விழுந்தது. அதே நான்காவதில்தான் தென்கோடியிலிருந்து எக்ஸிட்டர், டார்க்கி, ஜில்லிங்ஹாம் ஆகியவையும் விழுந்தன. வட்டாரத்துக்குள் ஆடி ஒப்பேற்றிக்கொண்டிருந்த ஏழைக் கிளப்புகள் ஒரே ஆண்டில் நாடு தழுவிய கிளப்புகள் ஆகிவிட்டன. வருமானம் மட்டும் வட்டார அளவிலேயே நின்றது.

அதே 1958-இன் டிசம்பர் மாதத்தில்தான் பிரிட்டனின் முதல் மோட்டார்வே, பிரெஸ்டன் நகரைச் சுற்றிச் செல்லும் எட்டு மைல் புறவழிச்சாலை, திறக்கப்பட்டது என்பது தற்செயல். இன்று அது எம் 6 நெடுஞ்சாலையின் ஒரு துண்டு. கார்லைல் வரை அந்தச் சாலை நீண்டு முடிய 1970-களின் தொடக்கம் ஆயிற்று. லீக் முதலில் நீண்டது, சாலை பின்னால் வந்தது. இடைப்பட்ட பன்னிரண்டு, பதின்மூன்று ஆண்டுகள் கார்லைல் அணியும் அதன் ரசிகர்களும் ஷாப் மலைச்சரிவின் பழைய சாலையில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்துதான் தெற்கே போய் வந்திருப்பார்கள்.

இன்றைய அமைப்பிலும் 1958-இன் விளைவு அப்படியே இருக்கிறது. ஆறாவது அடுக்குக்குப் போனால் நேஷனல் லீக், வடக்கு தெற்கு என்று மறுபடி பிரிந்துவிடுகிறது. 2004 முதல் அப்படித்தான். முதல் அடுக்கில் தூரமும் இருக்கிறது, பணமும் இருக்கிறது. ஆறாவதில் பணம் இல்லை, தூரமும் ஓரளவு குறைவு. நான்கிலும் ஐந்திலும்தான் பணம் இல்லாமல் தூரம் மட்டும் இருக்கிறது. கார்லைல் ரசிகருக்கு 2025-26-இல் மிக அருகிலுள்ள வெளியூர் ஆட்டம் கேட்ஸ்ஹெட். அதுவே 60 மைல் அளவில் வருகிறது. 24 கிளப்புகள், 46 ஆட்டங்கள், அவற்றில் 23 வெளியூரில்; சவுத்எண்ட், யோவில், ஆல்டர்ஷாட், ஈஸ்ட்லீ, வோக்கிங், சட்டன் என்று பட்டியலில் ஏறக்குறைய பாதி, கார்லைலுக்கு 300 மைல் வாக்கில் தெற்கே கிடக்கிறது. பிரிவினையை மீண்டும் கொண்டுவரலாமே என்ற யோசனை அவ்வப்போது தலைகாட்டும். கிளப்புகள் அதை விரும்புவதில்லை என்பதற்குப் பெருமை ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. வட்டார லீக்கில் ஆடும் கிளப் என்று சொல்லிக்கொள்வதைவிட, 400 மைல் போய் 3-0 தோற்றுவிட்டு வருவதே மேல் என்று நினைக்கிறவர்கள் நிர்வாகத்திலும் இருக்கிறார்கள், பேருந்திலும் இருக்கிறார்கள்.

தூரம் அலுப்பாக மட்டும் இருந்துவிடவில்லை. சில கிளப்புகளின் தலையெழுத்தையே மாற்றியிருக்கிறது. கார்லைல் இருக்கும் கம்ப்ரியா பகுதியில் ஒரு காலத்தில் மூன்று லீக் கிளப்புகள் இருந்தன. அன்று கடைசி இடங்களில் முடித்த நான்கு கிளப்புகளும் ஒவ்வோர் ஆண்டும் மற்ற கிளப்புகளிடம் ஓட்டுக் கேட்டு நிற்க வேண்டும். வெளியிலிருந்து விண்ணப்பிக்கும் புதிய கிளப்புக்கு ஓட்டு விழுந்தால் பழையது வெளியே. 1972-இல் அப்படித்தான் பரோ வெளியேறி ஹெரஃபோர்ட் உள்ளே வந்தது. 1977-இல் வொர்க்கிங்டன் வெளியேறி விம்பிள்டன் உள்ளே வந்தது. ஓட்டுப் போட்டவர்கள் மற்ற கிளப்புகளின் தலைவர்கள். ஹெரஃபோர்ட் அந்த ஆண்டு எஃப்.ஏ. கோப்பை என்ற நாக்அவுட் போட்டியில் நியூகாசிலை வீழ்த்திப் பெயர் வாங்கியிருந்தது. விம்பிள்டன் லண்டனில் இருந்தது. கடற்கரை ஓரத்தில் ஒதுங்கிக் கிடந்த ஊர்களுக்கு ஆண்டுதோறும் பயணம் போவது அந்தத் தலைவர்களுக்குச் சலித்துப்போயிருந்தது என்பது கம்ப்ரியாவில் இன்றும் பேசப்படுகிறது. ஓட்டு முறை 1987-இல் ஒழிந்து, கடைசி இடத்தில் முடித்தால் இறங்க வேண்டும் என்ற நேரடி விதி வந்தது. வொர்க்கிங்டன் திரும்பி வரவேயில்லை. பரோ 48 ஆண்டுகள் கழித்து 2020-இல் திரும்பி வந்தது. அது கொரோனா காலம். ஏறக்குறைய அரை நூற்றாண்டு காத்திருந்த பரோ ரசிகர்கள், தங்கள் அணி மீண்டும் லீக்கில் ஆடிய முதல் சீசனின் பெரும்பகுதியை வெறும் நாற்காலிகளுக்கு முன்னால் நடந்த ஆட்டங்களாகத் திரையில்தான் பார்த்தார்கள்.

இனி பணம். வெளியூர் ஆட்டத்துக்குப் போகும் ரசிகர் தன் கிளப்புக்கு உதவுகிறார் என்பது பொதுவான நம்பிக்கை. கணக்குப்படி அது சரியில்லை. 1983 வரை, லீக் ஆட்டங்களின் நுழைவுத் தொகையில் ஒரு பங்கு விருந்தாளி அணிக்குப் போய்க்கொண்டிருந்தது. கூட்டம் அதிகம் வரும் பெரிய கிளப்புகளுக்கு அது கசந்தது. அந்த ஆண்டோடு பங்கு நின்றது. அதன்பிறகு, டிக்கெட் பணம் முழுவதும் மைதானத்துக்கு உரிய கிளப்புக்கே. ஆகவே கார்லைல் ரசிகர் ஒருவர் யோவிலுக்குப் போய் 20 பவுண்டுக்கு மேல் கொடுத்து டிக்கெட் வாங்கினால், தன் அணியோடு அதே ஆண்டு மல்லுக்கட்டும் போட்டியாளரின் கல்லாவில் பணம் போடுகிறார். இடைவேளையில் வாங்கும் தேநீரும் இறைச்சி அடைத்த பேஸ்ட்ரியும்கூட அதே கல்லாவுக்குத்தான். எஃப்.ஏ. கோப்பையில் மட்டும் நுழைவுத் தொகையை இரு கிளப்புகளும் பங்கிட்டுக்கொள்ளும் பழக்கம் தொடர்கிறது. பெரிய கிளப்பின் மைதானத்தில் கோப்பை ஆட்டம் சீட்டுக் குலுக்கலில் விழவேண்டும் என்று சிறிய கிளப்புகள் வேண்டிக்கொள்வதற்கு அதுதான் காரணம்.

இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. 2020-21-இல் மைதானங்கள் பூட்டிக் கிடந்தபோது லீக் கிளப்புகள் ஆட்டத்துக்கு 10 பவுண்டு வீதம் இணைய ஒளிபரப்பை விற்றன. ரசிகர் அதைத் தன் சொந்தக் கிளப்பின் வழியே வாங்கலாம், அந்த விற்பனையில் கிளப்புக்கும் பங்கு உண்டு. அதாவது வெளியூர் ஆட்டத்துக்குப் போகாமல் வீட்டில் போர்வைக்குள் உட்கார்ந்து பார்த்தவர், கிளப்பின் கணக்கேட்டைப் பொறுத்தவரை, மழையில் நின்று பார்க்கிறவரைவிட அதிகம் கொடுத்தவர். கீழ்மட்டக் கால்பந்தின் பொருளாதாரம் இந்த ரசிகரை ஒரு பொருட்டாகவே எண்ணவில்லை என்பதைச் சொல்ல இதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை.

பிரீமியர் லீக்கில் விருந்தாளி ரசிகர் டிக்கெட்டுக்கு 2016-17 முதல் 30 பவுண்டு என்ற உச்சவரம்பு இருக்கிறது. அங்கே அந்த ரசிகர்களுக்கு விலை உண்டு: அவர்கள் எழுப்பும் சத்தம் உலகம் முழுவதும் விற்கப்படும் தொலைக்காட்சிப் பொருளின் பகுதி. கீழ் டிவிஷன்களில் அப்படி ஒரு வரம்பு கிடையாது. சமமான இடத்துக்கு உள்ளூர் ரசிகரிடம் வாங்குவதைவிடக் கூடுதலாக விருந்தாளியிடம் வாங்கக் கூடாது என்ற விதி மட்டும் உண்டு.

பிறகு அவர் எதைத்தான் கொடுக்கிறார்? அதற்கு ஒரு பயண நாளைக் கிட்ட இருந்து பார்க்க வேண்டும். கார்லைலிலிருந்து தெற்கே போகும் எந்தப் பேருந்தும் முக்கால் மணி நேரத்தில் டீபே என்ற இடத்தைத் தாண்டும். எம் 6 சாலையோரம் 1972-இல் ஓர் உள்ளூர் விவசாயக் குடும்பம் தொடங்கிய ஓய்விடம் அது. பெரிய நிறுவனச் சங்கிலிக் கடைகள் இல்லாமல், பண்ணைக் கடையும் வாத்துக் குளமுமாக இருக்கும். போகும்போது அதைக் கண்டுகொள்ளாமல் போவார்கள், அரைத் தூக்கத்தில் இருப்பார்கள். திரும்பும்போது இரவு விளக்கில் அந்தப் பெயர்ப் பலகை தெரிந்தால் பேருந்தில் ஓர் அசைவு எழும். இன்னும் நாற்பது மைலுக்குக் குறைவு. பேருந்துக்குள் குடி கிடையாது. 1985-இல் வந்த சட்டம், குறிப்பிட்ட அடுக்குகளின் ஆட்டங்களுக்கு ரசிகர்களை ஏற்றிச் செல்லும் பேருந்துகளில் மது வைத்திருப்பதையே குற்றமாக்கியது. கலவரக் காலத்தில் இளைஞர் கும்பல்களை மனதில் வைத்து எழுதப்பட்ட அந்தச் சட்டத்துக்கு இன்று கட்டுப்பட்டு உட்கார்ந்திருப்பவர்களில் பலர் ஓய்வூதியக்காரர்கள். பிளாஸ்க்கில் தேநீர், ஈயத்தாளில் சுற்றிய சாண்ட்விச், மடியில் குறுக்கெழுத்துப் புதிர்.

அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. குளிர்காலத்தில் மைதானம் உறைந்துவிட்டதா, தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று நடுவர் காலையில் வந்து பார்ப்பார். அவர் தலையசைத்து ஆட்டம் ரத்து என்று சொல்லும் நேரத்தில் கார்லைல் பேருந்து பர்மிங்ஹாமைத் தாண்டியிருக்கும். டிக்கெட் அடுத்த தேதிக்குச் செல்லும். பேருந்துக் கட்டணம் போனது போனதுதான். அடுத்த தேதியும் பெரும்பாலும் செவ்வாய்க்கிழமை இரவாகத்தான் அமையும். செவ்வாய் ஆட்டம் இரவு 9.40 வாக்கில் முடிகிறது. தென்கோடியிலிருந்து கிளம்பினால் ஊர் சேர விடிந்துவிடும். சிலர் வீட்டுக்குப் போகாமல் நேரே வேலைக்குப் போவார்கள். செவ்வாய் இரவு வருகிறவர்கள்தான் அணியின் உண்மையான எண்ணிக்கை என்று ரசிகர்களே தங்களுக்குள் ஒரு தரவரிசை வைத்திருக்கிறார்கள். விடுமுறைச் சனிக்கிழமை, வெயில், கடற்கரை ஊர் என்றால் வருகிறவர்களை அதில் சேர்க்க மாட்டார்கள்.

மைதானத்தில் அவர்களுக்குக் கிடைக்கும் இடம் பெரும்பாலும் கோல் கம்பத்துக்குப் பின்னால், சில ஊர்களில் கூரைகூட இல்லாத ஒரு மூலை. 1989-இல் ஹில்ஸ்பரோ மைதானத்தில் 97 உயிர்களைப் பலிகொண்ட நெரிசலுக்குப் பின், மேல் இரண்டு டிவிஷன்களில் நின்று பார்க்கும் படிக்கட்டுகள் அகற்றப்பட்டு எல்லாம் நாற்காலி ஆயின. கீழே உள்ளவற்றுக்கு அந்தக் கட்டாயம் இல்லாததால் நிற்கும் படிக்கட்டுகள் இன்றும் இருக்கின்றன. ஆயிரம் பேர் நிற்கக்கூடிய அந்தப் படிக்கட்டில் இருநூறு பேர் நிற்பார்கள். சத்தம் நிறையாது. அதனால் தனித்தனிக் குரல்கள் கேட்கும், ஆடுபவர்களுக்கும் கேட்கும். பெரிய மைதானத்தில் வசவு இரைச்சலாகக் கரைந்துவிடும். இங்கே பின்கள ஆட்டக்காரர் திரும்பிப் பார்த்தால் தன்னைத் திட்டியவரின் முகம் தெரியும். ஆட்டம் முடிந்து, தோற்ற அணி தலைக்கு மேல் கையைத் தூக்கித் தட்டியபடி அந்த மூலையை நோக்கி நடந்து வருவது ஒரு சடங்கு. பத்தடி தொலைவில் நின்றுவிடுபவர் யார், தடுப்புக் கம்பி வரை வருபவர் யார் என்பதை அந்த இருநூறு பேரும் கவனித்துக்கொண்டிருப்பார்கள். கீழ் டிவிஷன்களில் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஓராண்டு, ஈராண்டுக்கானவை. வேறு கிளப்பிலிருந்து கடனாக வந்து மூன்று மாதத்தில் போகிறவர்களும் உண்டு. பயிற்சியாளரும் நிலையில்லை: 2024-25-இல் மட்டும் கார்லைல் மூன்று பேரைப் பார்த்தது. அணியில் மாறாமல் இருப்பது சட்டையின் நிறமும் இந்த மூலையில் நிற்பவர்களும்தான். புதிதாக வந்த ஆட்டக்காரர் ஒருவருக்கு, தான் எந்த ஊருக்காக ஆடுகிறோம் என்பது தெரியவரும் இடமும் இதுதான்.

இதை வெறும் உணர்ச்சி என்று ஒதுக்கிவிட முடியாது. பார்வையாளர்கள் இல்லாத 2020-21 சீசனில், பிரீமியர் லீக்கில், உள்ளூர் அணிகளின் வெற்றிகளைவிட விருந்தாளி அணிகளின் வெற்றிகள் அதிகமாயின. இங்கிலாந்தின் முதல் டிவிஷனில் அதற்கு முன் அப்படி நடந்ததில்லை. கூட்டத்தின் இருப்பு ஆட்டத்தை, குறிப்பாக நடுவரின் முடிவுகளை, அசைக்கிறது என்பதை அந்த வெறுமை காட்டியது. ஆறாயிரம் பேருக்கு எதிரே இருநூறு பேர் எவ்வளவு அசைக்க முடியும் என்பது வேறு கேள்வி. அதிகம் இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

அந்த இருநூறு பேரும் கார்லைலிலிருந்து வந்தவர்கள் என்று எண்ணினால் அதுவும் பிழை. வேலை தேடி இளைஞர்கள் வெளியேறும் பகுதி கம்ப்ரியா. கார்லைல் ரசிகர் சங்கத்துக்கு லண்டனில் நெடுங்காலமாக ஒரு கிளை இயங்குகிறது. சட்டனிலோ வோக்கிங்கிலோ கார்லைல் ஆடினால் லண்டனில் குடியேறிய கார்லைல்காரருக்கு அரை மணி, ஒரு மணி நேர ரயில் பயணம். சொந்த மைதானமான பிரண்டன் பார்க்கில் ஆடினால் 300 மைல். அவருக்கு வெளியூர் ஆட்டம்தான் உள்ளூர் ஆட்டம். விருந்தாளி மூலையில் வடக்கிலிருந்து பேருந்தில் வந்தவரும் தெற்கிலேயே பிள்ளை குட்டியோடு தங்கிவிட்டவரும் ஒன்றாக நிற்கிறார்கள். ஊர்ப் பேச்சின் ராகம் தேய்ந்துபோனவருக்கு அது அந்த இரண்டு மணி நேரத்தில் நாக்கில் திரும்பி வந்துவிடும். 1958-இன் முடிவு ஏழைக் கிளப்புகளுக்குச் சுமையாக இருந்தாலும், தென்னிங்கிலாந்தில் சிதறிக் கிடக்கும் வடக்கத்தியருக்கு ஆண்டுக்குப் பத்துப் பன்னிரண்டு முறை கூடுவதற்கு ஓர் இடம் கொடுத்திருக்கிறது. அந்த வாக்கெடுப்பில் கை தூக்கியவர்கள் இதை நினைத்திருக்க மாட்டார்கள்.

தொலைக்காட்சி இந்த ஏற்பாட்டையும் இப்போது அரிக்கிறது. பிரீமியர் லீக்குக்குக் கீழே உள்ள, லீக்கின் மூன்று டிவிஷன்களுக்கும் ஸ்கை நிறுவனத்துடன் 2024-இல் தொடங்கிய ஐந்தாண்டு ஒப்பந்தம் 90 கோடி பவுண்டுக்கு மேற்பட்டது. சீசனுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்டங்கள் நேரலையாகின்றன. சனிக்கிழமை பிற்பகல் 2.45 முதல் 5.15 வரை கால்பந்து ஒளிபரப்பக் கூடாது என்ற பழைய தடை அப்படியே இருப்பதால், நேரலைக்குரிய ஆட்டங்களை மதியம் 12.30-க்கு நகர்த்துகிறார்கள். மைதானத்துக்கு வருகிறவர்களைக் காக்க 1960-களில் வந்த தடை, இப்போது தொலைவிலிருந்து வருகிறவரை விடியற்காலை 4 மணியிலிருந்து நள்ளிரவு 1 மணிக்குத் தள்ளுகிறது.

தோல்வி இவர்களைக் குறைத்துவிடாதா என்றால், குறைக்கும், ஆனால் ஒரு அளவு வரைதான். கார்லைலின் வரலாறு தோல்விக்கும் வியப்புக்கும் இடையே அடிக்கடி ஊசலாடிய ஒன்று. 1974 ஆகஸ்டில், முதல் டிவிஷனில் காலடி வைத்த கார்லைல் முதல் மூன்று ஆட்டங்களையும் வென்று நாட்டின் பட்டியலில் முதலிடத்தில் நின்றது. அவற்றில் இரண்டு வெளியூர் ஆட்டங்கள்: செல்சியில் 2-0, மிடில்ஸ்பரோவில் 2-0. அந்த சீசனைக் கடைசி இடத்தில் முடித்து இறங்கியது. அந்த உயரத்தை மறுபடி எட்டவில்லை. 1999 மே 8 அன்று, தோல்வியோ டிராவோ ஆனால் லீக்கை விட்டே வெளியேற வேண்டும் என்ற நிலையில், பிளிமத்துக்கு எதிராக 1-1 என்று ஆட்டம் முடியும் தறுவாயில், கடனாக வந்திருந்த கோல்கீப்பர் ஜிம்மி கிளாஸ் எதிரணியின் பெனால்டி பகுதிக்கு ஓடிவந்து, கடைசி விநாடிகளில் கோல் அடித்தார். வேறொரு மைதானத்தில், தப்பித்துவிட்டோம் என்று கொண்டாடிக்கொண்டிருந்த ஸ்கார்பரோ இறங்கியது. அந்தக் கிளப் 2007-இல் இல்லாமலே போயிற்று.

இந்தக் கோலைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் கார்லைல் ரசிகரையோ ஸ்கார்பரோ ரசிகரையோதான் பேசுவார்கள். அன்று பிளிமத்திலிருந்து வந்திருந்தவர்களை நான் நினைத்துக்கொள்வேன். கார்லைலுக்கும் பிளிமத்துக்கும் இடையே ஏறத்தாழ 390 மைல். அன்றைய லீக்கின் மிக நீண்ட பயணங்களில் ஒன்று. அந்த ஆட்டத்தில் பிளிமத்துக்கு ஆதாயமும் இல்லை, அபாயமும் இல்லை. பட்டியலின் நடுவில் முடிந்துபோன சீசனின் கடைசி ஆட்டத்துக்கு அவ்வளவு தூரம் வந்து, இங்கிலாந்துக் கால்பந்தின் மிகப் புகழ்பெற்ற கோல்களில் ஒன்றைத் தங்கள் அணிக்கு எதிராக அடிக்கக் கண்டு, மறுபடி 390 மைல் திரும்பிப் போனார்கள்.

கிளாஸின் கோல் வாங்கிக் கொடுத்தது ஐந்து ஆண்டுகள்தான். 2004-இல் கார்லைல் லீக்கை விட்டு இறங்கியது, ஒரே ஆண்டில் பிளே-ஆஃப் என்ற ஏற்றத்துக்கான கூடுதல் ஆட்டங்களை வென்று திரும்பியது, 2006-இல் நான்காம் அடுக்கின் சாம்பியன் ஆயிற்று. 2023 மே மாதம் வெம்ப்ளியில் ஸ்டாக்போர்ட்டை பெனால்டிகளில் வென்று மூன்றாம் அடுக்குக்கு ஏறியது. அதே ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் பியாட்டக் குடும்பம் கிளப்பை வாங்கிப் பணம் போட்டது. 2024-இல் ஓர் இறக்கம், 2025-இல் இன்னொன்று. 2025-26-இல் ஐந்தாம் அடுக்கிலிருந்து ஏற 24 கிளப்புகளுக்கு இரண்டே இடங்கள், அதில் ஒன்றுதான் நேரடி. மூன்றாவது இடம் வேண்டும் என்று நேஷனல் லீக் கிளப்புகள் கேட்டுவந்திருக்கின்றன.

சொந்த மைதானமே வெளியூர் ஆகிவிடுவதும் உண்டு. 2015 டிசம்பரில் டெஸ்மண்ட் புயலில் கார்லைல் நகரம் மூழ்கியபோது பிரண்டன் பார்க்கின் கோல் கம்பங்கள் வரை தண்ணீர் நின்றது. வாரக்கணக்கில் கார்லைல் தன் சொந்த ஆட்டங்களை பிரெஸ்டன், பிளாக்பர்ன், பிளாக்பூல் மைதானங்களில் ஆடியது. வீட்டில் சேறு அள்ளிக்கொண்டிருந்தவர்கள் சொந்த அணியின் சொந்த ஆட்டத்தைப் பார்க்க 90 மைல் அளவுக்குத் தெற்கே போனார்கள்.

ட்ரூரோவுக்கு அது ஒரு புயலால் நேர்ந்ததன்று. சொந்த மைதானத்தை இழந்த அந்தக் கிளப் பல ஆண்டுகள் டார்க்கியிலும் பிளிமத்திலும் டான்டனிலும், 2023-24-இல் மிகத் தொலைவில் குளோஸ்டரிலும், அடுத்தவர் வீட்டில் குடியிருந்தது. கார்ன்வால் ரசிகருக்கு அந்தக் காலத்தில் எல்லா ஆட்டமும் வெளியூர் ஆட்டம்தான். 2024-இல் ஊருக்கு வெளியே புதிய மைதானம் கிடைத்தது. முதல் சீசனிலேயே ஆறாவது அடுக்கின் தெற்குப் பிரிவை வென்று தேசிய அளவுக்கு ஏறிய முதல் கார்ன்வால் கிளப் ஆயிற்று. ஏறியதும் மிக அருகிலுள்ள எதிரணி யோவில், 100 மைலுக்கு அப்பால். மிகத் தொலைவில் கார்லைல், கேட்ஸ்ஹெட். அந்த ஆட்டங்களின் சனிக்கிழமையில் ட்ரூரோவிலும் ஒரு பேருந்து இருட்டோடு கிளம்ப வேண்டியிருந்திருக்கும், இரண்டு ஓட்டுநர்களோடு, எதிர்த்திசையில்.